முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை

என் நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். கரும்பலகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு. வகுப்பு முழுக்கக் கத்துகிறது. ஒருத்தன் பெஞ்சின் மேல் ஏறி நின்று தலை நனைவதுபோல நடிக்கிறான். ஒருத்தி இல்லாத குடையைப் பிடித்துக்கொண்டு வரிசைகளுக்கு நடுவில் நடக்கிறாள். பலகையில் மழைக்கான ஆங்கில வார்த்தை, ஒரு சாண் உயரத்துக்கு.

நான் வாசலில் நின்றேன். எங்கள் வகுப்பில் வாசல் பலகைப் பக்கம் இருக்கிறது, அதனால் அவளுக்கு நான் தெரியவில்லை. மற்றவர்களுக்குத் தெரிந்தது. சத்தம் அப்படியே அறுந்து நின்றது. எல்லோரும் எழுந்தார்கள். பெஞ்சின் மேல் நின்றவன் இறங்க மறந்து அங்கேயே விறைத்து நின்றான்.

இவள் என்ன நினைத்தாள் தெரியுமா சார்? அதுவும் ஒரு துப்பு என்று நினைத்துவிட்டாள். மற்றவர்கள் நடித்துக் காட்டுவதைப் பார்த்து, முதுகுக்குப் பின்னால் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் விளையாட்டு. "டீச்சர்!" என்று கத்தினாள். "ஹெட்மாஸ்டர்! இன்ஸ்பெக்டர்!" என்றாள். உடனே நாற்பத்தைந்து பேரும் சிரித்தார்கள் பாருங்கள், என்னைப் பார்த்துக்கொண்டே சிரித்தார்கள். என் பெயர் தணிகாசலம். இருபத்திரண்டு வருஷமாக அதே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியார். என் வகுப்பில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"எந்திரி" என்றேன்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் தோற்றதாக ஆகிவிடுமாம். அது விதியாம். இதை எனக்குச் சொன்னது யார் என்றால், கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்திருந்த ஹெப்சிபா மிஸ். "சாரி சார், நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க, பசங்க சும்மா இருந்தாங்க, அதான் ஒரு கேம்…" என்று எழுந்து வருகிறது அந்தப் பெண். இருபத்தாறு வயது இருக்கும். பெற்றோர் ஆசிரியர் கழகம் ஒரு வருஷத்துக்கு வைத்த டீச்சர். ஏப்ரல் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியவள். என் பீரியடில், என் வகுப்பில், என் நாற்காலியில்.

இந்த பஸ்ஸில் ஆத்தூர் வரைக்குமா நீங்கள்? நல்லது. நானும் அங்கேதான் இறங்குகிறேன். பையை அந்தப் பக்கம் வைத்துக்கொள்கிறேன், உட்காருங்கள்.

நாற்காலியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வகுப்பில் உட்கார்ந்ததே இல்லை. இருபத்திரண்டு வருஷமும் நின்றுதான் பாடம் எடுத்திருக்கிறேன். ஆனால் நாற்காலி அங்கே இருக்க வேண்டும். அது வாத்தியாருடைய நாற்காலி. அதில் யாரும் உட்காராமல் இருப்பதுதான் அதன் வேலை. அன்று சாயங்காலம் அலுவலகத்தில் சொல்லி அதை மாற்றச் சொன்னேன். அவள் யார் வீட்டுப் பெண் என்பதற்காக இல்லை. நான் அதெல்லாம் பார்க்கிறவன் இல்லை. அவள் அப்பா பேரூராட்சியில் வேலை பார்க்கிறவர், காலையில் எங்கள் தெரு வழியாகத்தான் குப்பை வண்டி தள்ளிக்கொண்டு வருவார், பார்த்தால் தலையசைப்பேன். நாற்காலியின் ஒரு கால் ஆடியது. பல வருஷமாகவே ஆடிக்கொண்டிருந்தது.

அவள் பெயர் சுகிர்தா. ஒன்பதாம் வகுப்பு.

இந்த விளையாட்டுப் பீடை எங்கே ஆரம்பித்தது என்று கேட்டால், ஜூலையில். மூன்று நாள் பயிற்சி என்று எங்களையெல்லாம் கூப்பிட்டார்கள். ஐம்பது வாத்தியார்கள். பெரிய ஹாலில் மேசை நாற்காலியை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். முதல் நாள் காய்கறிப் பெயர் சொல்லிக்கொண்டே நொண்டியடிக்கச் சொன்னார்கள். மூலநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட ஒருத்தர், ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது, "கேரட், கேரட்" என்று நொண்டியடிக்கிறார். இரண்டாம் நாள் ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு சீட்டை ஒட்டினார்கள். சீட்டில் ஒரு வார்த்தை. என் முதுகில் இருப்பது எனக்குத் தெரியாது, மற்ற எல்லோருக்கும் தெரியும். நான் ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டும், இங்கிலீஷில்: நான் உயிருள்ளதா? நான் வீட்டில் இருப்பேனா? என்னைச் சாப்பிடுவார்களா?

எனக்கு ஐம்பத்து நான்கு வயது சார்.

எல்லோரும் கண்டுபிடித்து, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் ஹால் நடுவில். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறார்கள், எனக்குத்தான் பிடிபடவில்லை. கறுப்பா? ஆமாம். பெரியதா? ஆமாம். பால் தருமா என்று நான் கேட்டிருந்தால் முடிந்திருக்கும், கேட்கத் தோன்றவில்லை. கடைசியில் ஒரு பையன், பையன் என்றால் பயிற்சி கொடுக்க வந்தவன், பின்னால் வந்து சீட்டைப் பிய்த்து என் கையில் கொடுத்தான். எருமை. டீ டம்ளரோடு நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காமல் இருந்தால் இன்னும் மோசம்.

அதற்காக நான் விளையாட்டை வெறுக்கிறேன் என்று நினைக்காதீர்கள். அது வேறு, இது வேறு. இதில் இருக்கிற அசுத்தம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சேர்த்துச் சீட்டாக வெட்டுகிறார்கள். ஒரு பக்கம் வெண்டைக்காய்க்கு இங்கிலீஷ் பெயர், திருப்பினால் பாதிப் பிள்ளையாரும் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதும். அந்தச் சீட்டுகள் தரையில் கிடக்கும். மிதிப்பார்கள். வியர்வைக் கையோடு பிடுங்குவார்கள். கைதட்டல், கூச்சல், குதி. ஒரு வார்த்தையை நாக்கில் வைத்துத் துப்பி விளையாடுவதுபோல. வார்த்தை என்ன வெற்றிலைப் பாக்கா?

என் முறை வேறு. பலகையின் வலது மூலையில் தினமும் ஐந்து வார்த்தை. நேராகக் கோடு போட்டு, எதிரே தமிழில் பொருள். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை எழுதிக்கொண்டு வர வேண்டும். மறுநாள் நோட்டுகளைத் திருத்துவேன். தப்பாக எழுதியிருந்தால் நானே சரியாக ஒரு தடவை எழுதிக் காட்டுவேன், அதைப் பார்த்து மறுபடி ஐந்து தடவை. எத்தனை நோட்டு ஆனாலும் சரி, அன்றன்றைக்குத் திருத்திவிடுவேன். ஒரு நாள் விட்டதில்லை. அந்த மூலையை வேறு பாடம் எடுக்கிறவர்கள்கூட அழிக்க மாட்டார்கள். பதினான்கு வருஷமாகப் பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. ஒருத்தன் தவறவில்லை. எங்கள் வட்டாரத்தில் வேறு எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடையாது.

அது எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன். எல்லா இடத்திலும் நடப்பதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும், ஏப்ரலில், தேறாத பிள்ளைகளின் பெயரைத் தனியாக எடுத்துவிடுவோம். பெற்றோரைக் கூப்பிட்டு, பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவரவில்லை, வேறு பள்ளிக்கூடம் பாருங்கள் என்று சொல்லி டி.சி.யைக் கையில் கொடுத்துவிடுவோம். ஸ்டாஃப் ரூமில் அதற்குச் 'சலித்த லிஸ்ட்' என்று பெயர். இங்கிலீஷ் லிஸ்ட் நான் போடுவது. வேறு பள்ளிக்கூடம் என்றால் பதினோரு கிலோமீட்டர் தள்ளி. ஆண் பிள்ளைகள் போவார்கள். பெண் பிள்ளைகள் அநேகமாக வீட்டோடு நின்றுவிடுகிறார்கள். அது அவரவர் குடும்ப விஷயம்.

நவம்பரில் ஹெட்மாஸ்டர் நல்லமுத்து என்னைக் கூப்பிட்டார்.

"தணிகாசலம் சார், மாவட்டத்துல இருந்து ஒரு அம்மா வர்றாங்க. கேம் கிளாஸ் பாக்கணுமாம். சீனியர் டீச்சர் எடுத்தா நல்லாருக்கும்."

"ஹெப்சிபா மிஸ் எடுக்கட்டுமே. குதிக்கிறதுக்கு அந்த வயசுதான் சரி."

"அட, அவங்க தற்காலிகம் சார். பர்மனன்ட் ஆள் எடுத்தாத்தான் ரிப்போர்ட்ல ஏறும். எனக்காக ஒரு நாள் குதிச்சிடுங்க."

ஒரு நாள் குதிச்சிடுங்க. எப்படிப் பேசுகிறார் பாருங்கள். ஆனால் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட வேலையை அரைகுறையாகச் செய்கிற பழக்கம் என்னிடம் கிடையாது. இரண்டு வாரம் தயார் செய்தேன். ஐந்து வார்த்தை. அம்ப்ரெல்லா, டாக்டர், ரிவர், ஹனி, ஃபெஸ்டிவல். ஒவ்வொன்றுக்கும் நான்கு துப்பு, இலக்கண சுத்தமாக நானே எழுதிக் கொடுத்தேன். யார் எந்தத் துப்பைச் சொல்ல வேண்டும் என்று பெயர் போட்டேன். நாற்காலியில் உட்கார ஹரிபிரசாத். காலாண்டில் தொண்ணூற்றாறு வாங்கிய பையன். ஐந்து வார்த்தையும் வரிசையாக அவனுக்கு மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான்.

அதெப்படி விளையாட்டாகும் என்கிறீர்களா? நீங்களும் அந்தக் கட்சியா? அதிகாரி வரும்போது பிள்ளைகள் திருதிருவென்று விழிக்க வேண்டும் என்கிறீர்களா? தயார் செய்வதுதானே வாத்தியார் வேலை.

அந்த நாளில் தேறாத பிள்ளைகள் பதினொரு பேரையும் வகுப்பில் வைத்துக்கொள்ளவில்லை. பின்பக்கம் புங்கமரத்தடியில் சருகு பொறுக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன். சுகிர்தாவும் அதில் உண்டு. அதுவும் எல்லா இடத்திலும் நடப்பதுதான்.

அந்த அம்மா ஹெட்மாஸ்டரோடு வந்தார். பருத்திப் புடவை, தோளில் ஜோல்னாப் பை. வந்ததும் வணக்கம் சொன்னார், பிள்ளைகளோடு பேசினார், எல்லாம் சரி. ஹரிபிரசாத் நாற்காலியில் உட்கார்ந்தான். நான் சாக்பீஸை எடுத்தேன்.

"முதல் வார்த்தைய நான் எழுதட்டுமா சார்?" என்று கையை நீட்டினார்.

என்ன செய்ய முடியும்? கொடுத்தேன். பலகையில் 'பிரிட்ஜ்' என்று எழுதினார். பாலம். எழுதிவிட்டு அவர் திரும்புவதற்குள் ஹரிபிரசாத், "அம்ப்ரெல்லா!" என்றான்.

"கண்ணா, இன்னும் யாரும் ஒண்ணுமே சொல்லலியே" என்று அந்த அம்மா சிரித்தார்.

உடனே முதல் வரிசை ஷர்மிளா எழுந்தாள். அவளுக்குக் கொடுத்த துப்பை, மழைக்காலத்தில் நாம் இதைப் பயன்படுத்துகிறோம் என்று இங்கிலீஷில், ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னாள். அடுத்தவன் எழுந்து, இது கறுப்பு நிறத்தில் இருக்கும் என்றான். அடுத்தவள், இதை மடிக்கலாம் என்றாள். பலகையில் பாலம், வகுப்பு முழுக்கக் குடை. "அம்ப்ரெல்லா" என்றான் ஹரிபிரசாத் மறுபடியும், இன்னும் சத்தமாக. பிள்ளைகள் மேல் தப்பே இல்லை சார். சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். அந்த அம்மாதான் முறையை மீறியது.

அந்த நேரம் பார்த்து ஜன்னல் வழியாக வெளியே இருந்து சத்தம் வந்தது. புங்கமரத்தடியில் பதினொரு சனியன்களும் சருகு பொறுக்காமல் என்ன செய்துகொண்டிருந்தன தெரியுமா? தண்ணீர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் சுகிர்தாவை உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்குப் பின்னால் சுற்றுச்சுவரில் ஒருத்தன் செங்கல் துண்டால் எழுதிக்கொண்டிருந்தான். அந்த அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"அவங்க எந்த கிளாஸ் சார்?"

நான் பதில் சொல்வதற்குள் ஹெப்சிபா மிஸ், "நைன்த் பி தான் மேடம்" என்றது. அது எதற்கு அங்கே வந்து வாசலில் நின்றது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பதினொரு பேரும் உள்ளே வந்தார்கள். காலெல்லாம் புழுதி. சுகிர்தாவின் பாவாடையில் வாளியின் வட்டம் ஈரமாகப் பதிந்திருந்தது. அந்தக் கோலத்தோடு அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார் அந்த அம்மா. சுகிர்தா என்னைப் பார்த்தாள். நான் பலகையைப் பார்த்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

'ஷேடோ' என்று எழுதினார். நிழல்.

சருகு பொறுக்கப் போனவர்களில் ஒருத்தன், முத்தரசு என்று பெயர், அவன் சொன்னான்: "சன் கமிங், இட் கமிங். நைட், நோ." இன்னொருத்தி எழுந்து வகுப்பில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே, "ஐ கோ, இட் கோ. ஐ சிட், இட் சிட்" என்றாள். எனக்குக் காது கூசியது. நாலு வாக்கியத்தில் நாலும் தப்பு. இதையா மொழி என்கிறார்கள்? எச்சில் இலையை வழித்ததுபோல இருந்தது.

"ஷேடோ!" என்றாள் சுகிர்தா.

ஐந்து வார்த்தையில் நான்கு சொன்னாள். அந்த அம்மா கைதட்டினார். ஹெட்மாஸ்டர் கைதட்டினார். ஹரிபிரசாத்கூடத் தட்டினான், மடையன். நான் ஒன்று சொல்கிறேன், நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். 'ஷேடோ' நான் ஆகஸ்ட் மாதம் பலகையின் வலது மூலையில் எழுதிய வார்த்தை. ஐந்து தடவை எழுத வைத்தவன் நான். கைதட்டல் மட்டும் மிஸ்ஸின் விளையாட்டுக்கு.

போகும்போது அந்த அம்மா சுகிர்தாவிடம், "பத்தாவதுல நீ என்ன படிக்கிறேன்னு அடுத்த வருஷம் வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் வருஷம் முழுக்க அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நான் பொறுத்துக்கொண்டேன். விளையாட்டுக்கு ஒரு நாள் என்றால் பரீட்சைக்கு ஒரு நாள் இல்லையா? பரீட்சையில் நாற்காலி கிடையாது, நடிப்பு கிடையாது. தாளும் பேனாவும்தான்.

முழுஆண்டுப் பரீட்சையில் சுகிர்தா முப்பத்தொன்று. முப்பத்தைந்து வேண்டும். ஹிந்தி சினிமாவில் வருகிறமாதிரி நான் பழிவாங்கினேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டு தடவை கூட்டினேன். முப்பத்தொன்றுதான். லிஸ்டில் எழுதினேன். மொத்தம் ஆறு பேர்.

இன்றைக்கு மத்தியானம் ஹெட்மாஸ்டர் அறைக்குக் கூப்பிட்டார். போனால் ஹெப்சிபா மிஸ் அங்கே நிற்கிறது. மேசை மேல் சுகிர்தாவின் விடைத்தாள்.

"உக்காருங்க தணிகாசலம் சார். நாலு மார்க்குதானே. அந்தப் பாராவுக்கு முட்டை போட்டிருக்கீங்க. எட்டு மார்க் கேள்வி."

"பாருங்க சார். கேள்வி என்ன? உனக்குப் பிடித்த மனிதரைப் பற்றி ஒரு பத்தி. வகுப்பில் ஒரு தலைவரைப் பற்றி எழுதிப் போட்டிருந்தேன். நாற்பத்தைந்து பேர் அதை அப்படியே எழுதியிருக்காங்க. முதல் வரியில பேர் வரணும். இவ பேரே எழுதல. பேர் இல்லாம என்ன மனிதர்?"

"படிச்சுக் காட்டுங்க மிஸ்" என்றார் ஹெட்மாஸ்டர்.

அந்தப் பெண் வாசித்தது. தப்பும் தவறுமான இங்கிலீஷ். உங்களுக்குத் தமிழில் சொல்கிறேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

'அவர் மணி அடிக்கும் முன்னால் வருவார். அவர் செருப்புச் சத்தம் கேட்காது. அவருக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, அவர் அதில் உட்கார மாட்டார். நாங்கள் தப்பு செய்தால் அவர் சரியாக எழுதிக் காட்டுவார். நாங்கள் மறுபடி தப்பு செய்தால் மறுபடி எழுதிக் காட்டுவார். அவருக்குக் கை வலிக்காது. அவர் சிரிக்க மாட்டார் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு நாள் அணில் வகுப்புக்குள் வந்து முத்தரசுவின் தோசையைத் தூக்கிக்கொண்டு போனது. அவர் சிரிப்பு எங்களுக்குத் தெரியக் கூடாது என்று பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. நான் பார்த்தேன். எனக்கு அவரைப் பிடிக்கும். யார் இவர்?'

அவ்வளவுதான். யார் இவர் என்று கேள்வி கேட்டு முடித்திருக்கிறாள். பரீட்சைத் தாளில் யார் யாரைக் கேள்வி கேட்பது?

ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். மிஸ்ஸும் பார்த்தது, பிறகு தலையைக் குனிந்துகொண்டது.

"யாருன்னு தெரியுதா சார்?" என்றார் ஹெட்மாஸ்டர், மெதுவாக.

"அதைத்தான் நானும் சொல்றேன். தெரியல. வாட்ச்மேனா இருக்கலாம். அவருக்கும் கேட் பக்கத்துல ஒரு நாற்காலி இருக்கு, என்னிக்கு உக்காந்தாரு?"

"வாட்ச்மேன் எழுதிக் காட்டுவாரா சார்?" என்றது மிஸ்.

"அப்ப கணக்கு வாத்தியாரா இருக்கும். யாரா இருந்தா என்ன? பேர் இல்ல. முட்டைதான்."

நீங்கள் ஏன் சார் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா? சரி.

ஹெட்மாஸ்டர் பென்சிலை உருட்டிக்கொண்டே இருந்தார். "அந்த அம்மா மறுபடி வந்து கேட்டா?" என்றார்.

"இவ பத்தாவதுல விழுந்தா நூறு போயிடும். பதினாலு வருஷ நூறு. அதுக்கு யார் பொறுப்பு சார், நீங்களா?"

"நான் பொறுப்பு சார்" என்றது ஹெப்சிபா மிஸ். "நான் தினமும் சாயங்காலம் உக்காத்தி வச்சுச் சொல்லித் தர்றேன். கண்டிப்பா பாஸ் பண்ணுவா."

"நீங்க இந்த மாசம் வரைக்கும்தானே மிஸ்" என்றேன்.

அது உண்மைதானே? தப்பாக ஒன்றும் சொல்லவில்லையே. அந்தப் பெண் விடைத்தாளை ஓரம் சரியாக அடுக்கி மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டது. ஹெட்மாஸ்டர் நூறு சதவீதத்தை நினைத்துப் பார்த்திருப்பார். லிஸ்டைத் தன் பக்கம் இழுத்தார். "இங்கிலீஷ்ல நீங்க வச்சதுதான்" என்று கையெழுத்துப் போட்டார். ஆறு பேருக்கும் மே முதல் வாரம் டி.சி.

எனக்கு வாயில் ஒரு கசப்பு. ஒரு வருஷம் முழுக்க இந்தக் கூத்தைச் சகித்துக்கொண்டு, கடைசியில் சரியான மார்க் போட்டதற்கு நான் வாதாட வேண்டியிருக்கிறது. ஒரு மனிதன் தன் வேலையைச் செய்வதற்கு இவ்வளவு அருவருப்பைத் தாண்ட வேண்டுமா சார்?

சாயங்காலம் கிளம்பும் முன் முகம் கழுவலாம் என்று பின்பக்கம் போனேன். பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. குழாயடியில் சுகிர்தா. நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தர வந்தாளாம். மூன்று கிலோமீட்டர் நடந்து போக வேண்டும், பாட்டிலில் தண்ணீர் பிடிக்க நிற்கிறாள். அந்தக் குழாய் ஒரு மாதிரி. மேலே இருக்கிற குமிழை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் தண்ணீர் வரும். விட்டால் நின்றுவிடும். நல்ல விறைப்பு. அவள் ஒரு கையால் அழுத்தப் பார்க்கிறாள், மறு கையில் பாட்டில் ஆடுகிறது, பாதித் தண்ணீர் காலில் கொட்டுகிறது.

"குட் ஈவினிங் சார்" என்றாள்.

தலையசைத்தேன்.

"சார், பத்தாவதுக்கு நோட்டு இப்பவே வாங்கிடலாமா? உங்க அஞ்சு வார்த்தைக்குத் தனி நோட்டு போடப் போறேன் சார்."

"லீவு முடியட்டும்."

"சார்… பாரா படிச்சீங்களா சார்?"

"ம்."

"யாருன்னு கண்டுபிடிச்சீங்களா சார்?"

"பாட்டிலை நேராப் பிடி" என்றேன். அவள் இரண்டு கையாலும் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். கழுத்துவரை நிறையும்வரை நான் குமிழை அழுத்திக்கொண்டு நின்றேன்.